தவசிமுத்துவின் இடது கால்

சங்குவெளி உப்பளத்துக்காரர்கள் எல்லாரும் இடது காலை இழுத்து இழுத்து நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்குக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தைத்த கால்சட்டைகள் சில வீடுகளின் கொடியில் இன்னும் தொங்குகின்றன, வலது காலைவிட இடது கால் ஒரு விரற்கடை குட்டையாக. துணி பொய் சொல்லாது. பொய் சொல்கிறவர்கள் துணி உடுத்தியவர்கள்தான்.

அது நடந்தது, உப்பளத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை கேட்டுச் செய்த வேலைநிறுத்தம் ஜெயித்த மறுநாள் காலையில். அந்த வெயில் காலம் முழுவதும் ஊர் ஜனம் கம்பெனி வாசலுக்கு நடந்து போய் நின்றது, திரும்பி வந்தது, மறுபடியும் நடந்து போய் நின்றது, சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு தலைவர் தவசிமுத்து முன்னால் போக, ஆணும் பெண்ணும் அவருக்குப் பின்னால் வரிசையாகப் போனார்கள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்து கொட்டகை போட ஒத்துக்கொண்டது. அன்று ஊரே மீன் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்தது. காலையில் எழுந்து பாயிலிருந்து காலை ஊன்றியபோது எட்வின் என்கிற இளவட்டம் தரை சரிந்துவிட்டது என்று நினைத்தான். தரை சரியாகத்தான் இருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால் பல் விளக்கப் போகிறவர்களும் தண்ணீருக்குப் போகிறவர்களுமாகத் தெரு முழுக்க ஒரே பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தது, காற்றில் சோளத்தட்டை ஆடுகிற மாதிரி. "ஒனக்குமாலே?" என்று கேட்டார்கள். "எனக்குந்தான்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அந்த நடை யாருடைய நடை என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தவசிமுத்து நாற்பது வருஷமாக நடந்துகொண்டிருந்த நடை அது. மீசை கறுப்பாக இருந்த வயதில், குடிதண்ணீர் கேட்டு அவர் நடத்திய முதல் ஊர்வலத்தில், வளைவு திரும்பியதும் போலீஸ் வண்டி நின்றது. லத்தியைக் கண்ட ஜனம் பாத்திக்குப் பாத்தி தாவி ஓடிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, கழன்று விழுந்த செருப்புகளும் தூரத்தில் ஓடுகிற முதுகுகளும்தான் தெரிந்தன. அவர் மட்டும் கொடியோடு நின்றார், நின்றதற்குக் கூலியாக இடது கால் முறிந்தது. கட்டுப் போட்டவர் எலும்பைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக் கட்டிவிட்டார். படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் கைக்குக் கிடைத்த துண்டறிக்கைகளை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தார். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்காததை அந்த மட்டக் காகிதம் சொல்லிக்கொடுத்தது. எழுந்து நடந்தபோது ஒரு விதியோடு எழுந்தார்: "ஊர்வலத்துல போலீஸப் பாக்காத, கம்பெனியப் பாக்காத, முன்னால போறவன் காலப் பாத்து நட. கண்ணு காலுல இருந்தா மனசு ஓடாது."

அதற்குப் பிறகு சங்குவெளியில் யாரும் ஊர்வலத்தை விட்டு ஓடியதில்லை. ஒவ்வொருவரும் முன்னால் போனவரின் காலைப் பார்த்தார்கள், முன்னால் போனவர் அவருக்கு முன்னால் போனவரின் காலைப் பார்த்தார், முதல் வரிசை தவசிமுத்துவின் காலைப் பார்த்தது. இத்தனை கண்கள் ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கால் எங்கேதான் போகும்? பார்த்தவர்களிடம்தான் போகும்.

அரசாஸ்பத்திரி டாக்டர் ஒவ்வொருவரையும் பெஞ்சில் படுக்கவைத்து நாடா பிடித்து அளந்தார். படுத்தால் இரண்டு காலும் சமம், எழுந்து நின்றால் இடது கால் குட்டை. அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். டெய்லர் குணசீலன் அதன்பிறகு யாரையும் அளவு கேட்கவில்லை, தானாகவே இடது காலை மடித்துத் தைத்தார். சங்குவெளி நிறுத்தத்தில் கண்டக்டர் விசில் கொடுக்க இன்னொரு மூச்சு நேரம் பொறுத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்று கேட்டு, இழுத்து நடந்தால் சங்கத்துக் குடும்பம், சொன்ன சொல் மாறாது என்று சந்தோஷப்பட்டார்கள். ஊர்வலத்துக்கே வராமல் வீட்டுக்குள் கதவடைத்துக் கிடந்தவர்கள் வெட்கப்பட்டுச் செருப்பின் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு பொய்யாய் நொண்டினார்கள். பொய் நடைக்குச் சத்தம் வேறு மாதிரி இருந்தது, சின்னப் பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்துவிட்டன. தேர்தலுக்கு வந்த வேட்பாளர் ஒருவர் ஜனத்தோடு ஜனமாகத் தானும் நொண்டிக் காட்டினார், அவசரத்தில் வலது காலை.

பெண்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். ஊருக்கு நல்ல தண்ணீர் கடலோரத்து மணல் ஊற்றில்தான் இருக்கிறது, அதற்குப் பாதை உப்பளத்தின் நடுவே போகிறது. இடுப்பில் குடத்தோடு இழுத்து நடக்கையில் ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணீர் இடது பக்கமாய்த் தளும்பிக் கொட்டியது. புல் பூண்டு முளைக்காத அந்த உவர் மண்ணில், பாதையின் ஒரு ஓரம் மட்டும் ஊரிலிருந்து ஊற்று வரைக்கும் பச்சைக் கோடாய்ப் புல் முளைத்தது. அளக்க வந்த சர்வேயர் அந்தப் புல்லை வரைபடத்தில் குறிக்கவில்லை. புல்லுக்குச் சர்வே நம்பர் இல்லையாம்.

தவசிமுத்து வெளியே, "என்னத்துக்குப்பா இந்த வாதை ஒங்களுக்கு" என்பார். ஆனால் விடியற்காலம் சனங்கள் வேலைக்குப் போகும்போது கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மிதி, ஒரு இழுப்பு. ஒரு மிதி, ஒரு இழுப்பு. தெரு முழுக்க அவர் காலே நடந்து போகும். பிள்ளை இல்லாத மனுஷன் அவர். பிள்ளை பெற்றவர்கள் மூக்கைப் பார்த்து, நெற்றியைப் பார்த்து, என்னை உரித்து வைத்திருக்கிறான் என்று பூரிப்பார்களே, அந்தப் பூரிப்பு அவருக்கு அந்தச் சத்தத்தில் கிடைத்தது. அதற்கும் கீழே, யாருக்கும் சொல்லாத ஒரு நிம்மதியும் இருந்தது. நொண்டுகிறவனால் ஓட முடியாது. இனி வளைவு திரும்பியதும் எது நின்றாலும், திரும்பிப் பார்க்கும்போது பின்னால் ஆள் இருக்கும்.

"காதக் குடுத்துக் கேக்கத பாத்தா நாதசுரக் கச்சேரி தோத்துரும்" என்பாள் அவர் மனைவி பூமயில், காப்பித் தம்ளரைத் தரையில் வைத்துக்கொண்டே. அவளும் எல்லா ஊர்வலத்துக்கும் போனவள்தான். ஆனால் கடைசி ஆளாக, தண்ணீர்ப் பானையைச் சுமந்துகொண்டு, யார் மயங்கி விழுகிறார்கள் என்று முகங்களைப் பார்த்துக்கொண்டே போனவள். அவள் நடை நேராக இருந்தது. அதை அவர் மன்னித்திருந்தார்.

மன்னிக்க முடியாதது சந்தனமாரியின் நடை.

சந்தனமாரி பக்கத்து வீட்டுப் பெண். தகப்பன் வெளிநாட்டுக்குப் போனவன் போனவனே, தாய் உப்பு வாரப் போனாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை சங்கக் கொட்டகையில்தான் வளர்ந்தது. கோஷம் போட அவர் வாயைப் பார்த்துக் கற்றது, மனு எழுத அவர் சொல்லச் சொல்லக் கற்றது. இப்போது உப்பளத்தில் அவளும் வேலை செய்கிறாள், சங்கத்து வேலை பாதியை அவள்தான் பார்க்கிறாள். தனக்குப் பின்னால் அவள்தான் என்று தவசிமுத்து மனதில் எழுதி வைத்திருந்தார். ஊரே நொண்டிக்கொண்டு எழுந்த அந்தக் காலையில் அவர் முதலில் எட்டிப் பார்த்தது அவள் வீட்டு வாசலைத்தான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, அம்பு விட்ட மாதிரி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தெருவில் நேராக நடந்து போனாள்.

அன்றிலிருந்து அது அவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பூசினால் ஒட்டாத சுவர் போல ஆகிவிட்டாளே இந்தப் பெண் என்று ஏங்கினார். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவள் காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு அன்று முழுவதும் சோறு இனித்தது. மறுநாள் சரியாகிவிட்டது.

இப்படி இருக்கையில் கம்பெனி ஊற்றுப் பாதையில் முள்கம்பி போட்டு அடைத்தது. இந்தப் பாதையில் யாரும் நடப்பதே இல்லை, அது எங்கள் பட்டா நிலம் என்று அதிகாரியிடம் மனுவும் கொடுத்தது. ஊர்க்காரர்கள் நேரில் வந்து ஆட்சேபம் சொல்லலாம் என்று பட்டணத்துக் கோட்டாட்சியர் நாள் குறித்தார், காலை பதினொரு மணிக்கு.

சங்கத்தில் இன்னொரு விதி இருந்தது: மனுக் கொடுக்க நடந்துதான் போக வேண்டும். எப்போதோ ஒரு தடவை பஸ் பிடித்துப் போனபோது போலீஸ்காரர்கள் வழியிலேயே பஸ்ஸை மறித்து, எல்லாரையும் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டார்கள். "வண்டிய மறிக்கலாம், காலப் பறிமுதல் பண்ண எந்தச் சட்டத்துலயும் எடமில்ல" என்று தவசிமுத்து அன்று துண்டறிக்கை எழுதினார். நல்ல வாக்கியம்தான். ஆனால் அதை எழுதியபோது ஊருக்கு இரண்டு காலும் சமமாக இருந்தன. ஊர்வலத்துக்கு விடிந்த பிறகுதான் அனுமதி. விடிந்து புறப்பட்டு, ஊர் முழுக்க இழுத்து இழுத்து நடந்து, பட்டணம் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். 'ஆட்சேபணை தெரிவிக்க எவரும் வரவில்லை' என்று எழுதியாகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் வாங்கினார்கள், அன்றைக்கும் அதே கதை. வாசலில் நின்றுகொண்டிருந்த கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான். இனி ஒரே ஒரு நாள்தான், அன்றைக்கும் வராவிட்டால் பாதை கம்பெனிக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சங்கக் கொட்டகையில் கூட்டம். தகரத்துக்குக் கீழே எல்லாரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தனமாரி எழுந்து, "நாளைக்கு நான் முன்னால போறேன் மாமா" என்றாள்.

தவசிமுத்து கேட்காதது போல இருந்தார். எட்வின்தான் முந்திக்கொண்டான். "கொடி மாமாவுக்குள்ளது. நீ என்ன, குத்தகைக்கு எடுத்திருக்கியா?"

"நீ கம்முனு இரிலே. நீ நடக்க நடைக்கு நண்டு ஒன்ன முந்திப் போகுது."

கொட்டகையில் சிரிப்பு எழுந்து, தவசிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"முன்னால போறதுக்கு ஒரு தகுதி வேணும் தாயி" என்றார் அவர், பதமாகத்தான் ஆரம்பித்தார். "கண்ட நாள்லேருந்து எம் பின்னால நடந்திருக்க. ஊர்ல இருக்க ஒவ்வொருத்தன் காலுலயும் நான் ஒட்டியிருக்கேன். ஒங்காலுல மட்டும் ஒரு பொட்டு ஒட்டலையே. அது ஏன்னு நானும் ராப்பகலா யோசிச்சிட்டேன். மனசுல இருந்தா காலுல இருக்கும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தார்கள்.

"நான் எப்ப மாமா ஒங்க பின்னால நடந்தேன்?" என்றாள். "நடந்தா கால் பொசுங்கும்னு நீங்கதான என்னத் தூக்கித் தோள்ல வச்சிருந்தீய. அங்கனெருந்து பாத்தா ஒங்க காலு எப்பிடித் தெரியும்? ரோடுதான் தெரியும். எந்தத் திருப்பத்துல புளியமரம் நிக்கி, எந்தப் பாலத்துக்குப் பெறவு மேடு வருது, போலீஸ் வண்டி எங்கன நிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி, வளந்து எறங்கி நடந்த பெறவும் கண்ணு ரோட்டுலயேதான். ஒங்களுக்கும் முன்னாலயே நான் பாத்திருக்கேன். ஒங்க தலைமுடியப் புடிச்சிக்கிட்டுத்தான் பாத்தேன்."

தவசிமுத்துவின் கை அவரை அறியாமல் தலைக்குப் போனது. அங்கே இப்போது பிடித்துக்கொள்ள முடி அதிகம் இல்லை.

"தோள்ல வச்சது எறக்கிவிடத்தான்" என்றார். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? இந்த ஊரு ஓடுன ஊரு. என்ன நடுரோட்டுல விட்டுட்டு ஓடுன ஊரு. இன்னைக்கு ஒருத்தன் ஓட மாட்டான்."

"ஓட முடியாதவங்களும் ஓடாதவங்களும் ஒண்ணா மாமா?"

தகரக் கூரையில் காக்கை ஒன்று நடக்கிற சத்தம் கேட்டது. காக்கைக்கு இரண்டு காலும் சமமாக இருந்தன. தவசிமுத்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மிதி ஒரு இழுப்பாக வெளியே போனார். எட்வினும் இன்னும் சிலரும் அதே நடையில் பின்னாலேயே வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவரைத் துரத்திக்கொண்டு வருவது போல இருந்தது. கையை ஆட்டி அவர்களைப் போகச் சொன்னார்.

வீட்டில் பூமயில் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஊற்றுப் பாதை அடைத்த பிறகு சுற்று வழியாய்ப் போய்வர அவளால் முடியவில்லை. கொட்டகைப் பேச்சு அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீய" என்றாள். "ஒங்களுக்கு வேண்டியது ஊத்தா, ஒங்க காலா?"

அவர் கவிழ்ந்த பானையின் அடியில் எறும்பு ஈரம் தேடிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

விடிந்தது. ஊர் வாசலில் வரிசை நின்றது. தவசிமுத்து கொடியோடு வந்தார், எல்லாரும் வழிவிட்டார்கள். அவர் முன்னால் போய் நின்று ஒருமுறை திரும்பி, சாய்ந்து சாய்ந்து நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தார், ஒவ்வொரு காலாகப் பார்த்தார், கல்யாணமாகிப் போகிற பெண் பிறந்த வீட்டுச் சுவரைப் பார்க்கிற மாதிரி. பிறகு கொடியைச் சந்தனமாரி கையில் திணித்தார்.

"கொம்ப நெஞ்சோட அணைச்சுப் புடி. பாலத்துக் காத்து இழுக்கும்" என்றார். வரிசையின் பக்கமாகவே நடந்து நடந்து கடைசிக்குப் போனார், அங்கே பூமயில் அக்கம்பக்கத்தில் வாங்கி நிரப்பிய பானையோடு நின்றாள். "விதி தெரியுமில்ல?" என்று அங்கிருந்து சத்தம் கொடுத்தார். "முன்னால போறவங்க காலப் பாத்து நடங்க."

நடந்தார்கள். விதி விதிதான். முதல் வரிசை சந்தனமாரியின் காலைப் பார்த்தது, அடுத்த வரிசை முதல் வரிசையின் காலைப் பார்த்தது. புளியமரத் திருப்பத்தில் முதல் வரிசையின் இழுப்பு நின்றது. அடுத்து இரண்டாவது வரிசை, அதற்கடுத்தது. படுத்திருந்த பயிர் தண்ணீர் பாயப் பாய வரிசையாய் நிமிருமே, அப்படிச் சரிந்து நடந்த ஜனம் முன்னாலிருந்து பின்னால் வரை நிமிர்ந்துகொண்டே வந்தது. யாரும் ஆச்சரியப்பட்டு நிற்கவில்லை, நின்றால் பதினொரு மணிக்குப் போய்ச் சேர முடியாது. கடைசியில் நடந்த தவசிமுத்துவுக்கு அது கண்ணுக்குத் தெரியும் முன் காதுக்குத் தெரிந்தது. ஒரு மிதி ஒரு இழுப்பு மெலிந்து மெலிந்து, மிதி மிதி மிதி என்று ஆகி, தூரத்தில் ஒரே பறையடி போலக் கேட்டது. அவரும் தன் விதிப்படி முன்னால் போகிற எட்வினின் காலைப் பார்த்துத்தான் நடந்தார். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தக் காலும் நிமிர்ந்துகொண்டு வேகமெடுத்துப் போய்விட்டது. அவர் கால் மட்டும் மாறவில்லை. மற்றவர்களுடையது பார்த்து வந்தது. அவருடையது வாங்கி வந்தது.

பாலத்துக்கு வருவதற்குள் ஊர்வலம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. "நீ அவங்களோட போ, யாராவது மயங்கி விழுவாங்க" என்று பூமயிலையும் அனுப்பினார். அவள் பானையோடு போனாள். ரோட்டில் அவர் தனியாக இருந்தார், கழன்று விழுந்த செருப்பு ஒன்றும் இல்லாத ரோட்டில். முதல் தடவை தனியாக விட்டுப் போனவர்கள் பின்பக்கம் போனார்கள், இவர்கள் முன்பக்கம் போயிருக்கிறார்கள். வித்தியாசம் பெரியது என்று அவருக்குத் தெரியும், அதை வைத்து ஒரு துண்டறிக்கைகூட எழுதலாம். ஆனால் ஒரு மிதி, ஒரு இழுப்பு என்று தன் ஒற்றைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தபோது நெஞ்சில் ஏதோ உப்பு மாதிரி கரைந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். பதினொன்று அடித்திருக்கும், அடித்துத் தாண்டியும் இருக்கும்.

அப்போது பட்டணத்துப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்தான். கானலில் முதலில் கால் தெரிந்தது, பிறகு ஆள் தெரிந்தது. எட்வின். சங்குவெளிக்காரன் ஒருவன் ஓடுவதைத் தவசிமுத்து பார்த்து நாற்பது வருஷம் ஆகிறது. அன்று பார்த்த முதுகு இன்னும் கண்ணில் இருந்தது. இவன் முகத்தைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"எழுதிட்டாவ மாமா" என்றான் மூச்சிரைக்க. "பாதைய அடைக்கக் கூடாது, கம்பிய எடுக்கணும்னு எழுதிட்டாவ. மணி அடிக்கதுக்கு முன்னாலயே நாங்க வாசல்ல நின்னோம். புல்லு எப்பிடி மொளைச்சதுன்னு சந்தனம் கேட்டா பாருங்க, கம்பெனிக்காரன் மூஞ்சி செத்துப்போச்சு. எல்லாரும் அங்கன நிக்காவ, சந்தனத்துக்கு நீங்க வந்துதான் மால போடணுமாம். நான் தூக்கிட்டுப் போறேன், தோள்ல ஏறுங்க."

"சீ, போலே. எனக்குக் கால் இருக்கு."

எழுந்தார். எட்வின் அவருக்கு முன்னால் போகவும் தெரியாமல், பின்னால் வரவும் தெரியாமல் பக்கத்தில் நடந்தான். பழக்கம் விடவில்லை, அவன் பார்வை குனிந்து அவர் இடது காலுக்கே போய்க்கொண்டிருந்தது.

"காலப் பாக்காதலே" என்றார் தவசிமுத்து. "ரோட்டப் பாரு."

அவன் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தான். தூரத்தில் கொடி தெரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கையில், தவசிமுத்து மட்டும் ஒரே ஒரு முறை ஓரக் கண்ணால் அவனுடைய இடது காலைப் பார்த்துக்கொண்டார், அதில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று.